எலும்புக்குள் ஒரு பந்தி

சத்தியம்! குறுக்குத்துறை முருகன் அறியச் சத்தியம்! தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திவைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இனி நான் போகிற கல்யாணத்திலெல்லாம் என் இலைக்கு முந்தின இலையோடு பாயசம் தீர்ந்து போகட்டும். பிறவிப்பெருமாள் அண்ணாச்சி தன்னுடைய இடுப்பெலும்புக்குள் தானே நுழைந்து, உள்ளே நடக்கிற பந்தியை ஒரு சுற்று விசாரித்துவிட்டு முழுசாக வெளியே வந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், காலைக் காப்பி நேரம் தாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், பட்டப்பகலில் நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை.

அப்போது அவர் இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தார். முகத்துக்கு நேரே சுவர், முதுகுக்குப் பின்னால் டாக்டர் ஜெபராணி. அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதபடிக்குத்தான் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள், அது போன தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் என்ன, முதுகுக்குக் கண்ணா இருக்கிறது? "சில்லுனு இருக்கும் அண்ணாச்சி, மருந்துதான் தடவுதேன், பயந்துராதீங்க." ஈரப் பஞ்சு இடுப்பின் பின்பக்கத்தில் நடுவிலிருந்து வெளியே வெளியே சுற்றிக்கொண்டு போயிற்று, தோசைக்கல்லில் மாவு இழுக்கிற மாதிரி. நல்ல கை, மேடு பள்ளம் இல்லாத கை, சமையல்கட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார், நினைத்தவுடனேயே அந்த வட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்கிற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. ஒரு மாதமாக வார்டில் போட்டு, தலைமுடி, புருவம், ஊரே மெச்சிய மீசை எல்லாவற்றையும் உதிர்த்துப்போட்ட மருந்து, உதிர்க்க வேண்டியதை உதிர்த்ததா இல்லையா என்பது அந்த வட்டத்துக்கு நேர் கீழே, எலும்புக்குள், மஜ்ஜையில் இருந்தது. ரத்தப் புற்று. கெட்ட அணு போயிருந்தால் தம்பி கூத்தனின் மஜ்ஜை அணுக்களை எடுத்து இவருக்குள் விடுவார்கள், பிழைக்க வழி உண்டு. போகாமல் உட்கார்ந்திருந்தால் கூத்தனுடையது கூத்தனிடமே இருக்கும். அதற்கு மேல் டாக்டரம்மா சொல்லவில்லை, சொல்ல வந்ததை இவர் மனைவி கோமுவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டாள். கோமு இப்போது வெளியே பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பையின் காதைத் திருகிக்கொண்டு இருப்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த கை அது, கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே அவருக்குத் தெரியும். கூத்தன் தூத்துக்குடியில் உப்பு யாவாரம் பண்ணுகிறான். கடைசி அப்பளத்துக்காக ஒருத்தரையொருத்தர் கடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள், எதிலும் ஒத்துப்போகாத அண்ணன் தம்பி என்று தெருவே சொல்லும். ரத்தம் மட்டும் அச்சாக ஒத்துப்போகிறது என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்குக் கூத்தன் போனில், "நமக்குத்தான் இல்ல, எலும்புக்காவது புத்தி இருக்கே" என்றான்.

"ஊசி குத்துதேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." எறும்பாம். மரத்துப்போவதற்கான ஊசி. மரத்துப்போவது தோலும் சதையும் எலும்பின் மேல்பூச்சும்தான், உள்ளே இருப்பது மரக்காது, அதையும் இவள்தான் சொன்னாள், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. மரக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் சுவரைப் பார்த்தார், சுவர் டைல்ஸில் ஒரு பழைய மஞ்சள் கறை, இலையின் இடது மூலையில் வைத்த மாங்காய் ஊறுகாய் எண்ணெய் விட்ட மாதிரி. இலை நினைப்பு வந்தால் கை தானாக வேட்டியைத் தேடும், இங்கே வேட்டி இல்லை, ஆஸ்பத்திரி உடுப்பு, பின்பக்கம் திறந்த உடுப்பு, இந்தக் கோலத்தில் ஊரில் எவனாவது பார்த்தால்! அண்ணாச்சியின் தொழில் பந்தி விசாரிப்பு. அடுப்பில் நிற்கிறவர் இல்லை, வாளி தூக்குகிறவரும் இல்லை. பந்தியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, எந்த இலைக்கு என்ன வேண்டுமென்று அந்த இலைக்காரர் வாய் திறப்பதற்குள் கண்டுபிடித்து ஆள் அனுப்புகிறவர். பந்தியில் யாரும் எதையும் கேட்பதில்லை, கேட்டால் அது சாப்பாட்டுக்கடை. சோற்றில் குழி பறித்தால் சாம்பார், குழியை வழித்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ரசம், உள்ளங்கையை இலைக்கு மேல் குடை மாதிரி விரித்தால் போதும், விரித்த கையில் விரலுக்கு விரல் இடைவெளி இருந்தால் போதாது, இன்னும் ஒரு கரண்டி. இதெல்லாம் ஊருக்கே தெரியும். அண்ணாச்சிக்கு மட்டும் தெரிந்தது வேறே. அப்பளம் நொறுங்குகிற சத்தத்தை வைத்து, நொறுக்கியவர் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று சொல்வார். மண்டபத்துக்கு வெளியே செருப்புக்குக் காவலாக உட்காரவைத்தாலும், உள்ளே எத்தனையாவது வரிசையில் எந்த இலையில் உப்பு குறைகிறது என்று மூக்கால் சொல்லிவிடுவார். ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு பந்தி நடத்தினார் என்றும், அன்றைக்குத்தான் ஒரு சொட்டு மோர்கூடச் சிந்தவில்லை என்றும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்த நாளில் மற்றவர்கள் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. "நான் குடிச்சதில்ல, பொடி போட்டதில்ல, அது கெடக்கட்டும். இது இத்தனை சீக்கிரம் இத்தனை பெருகியிருக்கேம்மா. தின்னாமப் பெருகுமா? யாரு இதுக்குச் சோறு போட்டா?" என்றார். டாக்டர் ஜெபராணி, "நீங்கதான் அண்ணாச்சி. உங்க எலும்புதான்" என்றாள். மருந்துக்கு நடுவே ஓய்ந்த சாயங்காலங்களில் கட்டில் பக்கம் வந்து நின்று மிச்சத்தைச் சொன்னாள், படிக்கிற காலத்தில் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணினாளாம், கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டாள். எலும்புக்குள் மஜ்ஜை, மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறது, நீங்கள் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுவதற்குள் லட்சக்கணக்கில் பிறக்கிறது. சும்மா பிறப்பதில்லை. சுற்றி இருக்கிற அணுக்கள், பிள்ளை பெறாத சித்திமார் மாதிரி, ரசாயனமாகப் பேசிக்கொண்டே இருக்கும். இங்கேயே இரு, இன்னும் வளரணும் நீ, இப்ப சாப்பிடு, இப்ப தூங்கு, இனி கிளம்பு, ரத்தத்துக்குள்ள போ. சத்தம் கிடையாது, அசைவு கிடையாது, அணுவுக்கு அணு கசிகிற ஒரு துளியில் அத்தனை பேச்சு. பிறக்கிற அணுவின் மேலே அதைக் கேட்கக் காது மாதிரி ஒன்று முளைத்திருக்கும். "கெட்ட அணுவும் உங்க ரத்தத்துல பிறந்ததுதான அண்ணாச்சி, அதுக்கும் அதே காது உண்டு. சிலதுக்குக் காது கூடுதலாவே இருக்கும். வளரவே வளராத பிள்ளை அது, ஆனா கேட்டுக் கேட்டு வாங்கித் திங்கும். அதோட விடாது, திருப்பிப் பேசும். இன்னும் கொண்டா, மத்தவனுக்குப் போடாதன்னு அதுவும் ஒரு ரசாயனம் விடும். கொஞ்ச நாள்ல சுத்தி இருக்கற நல்ல அணுவெல்லாம் அதுக்கு வேலைக்காரங்க ஆயிரும். நாங்க மருந்து விட்டா, கெட்டதைப் பின்னால தள்ளி மறைச்சு வச்சுக்கிடும்." அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது, மயிரே இல்லாத உடம்பில். பயம் ஒரு பங்கு, மிச்சமெல்லாம் வேறு ஏதோ. கோயிலில் திரை விலகுகிறபோது வருமே, அது. அந்த ரசாயனத்துக்கு ஒரு பெயரும் சொன்னாள். நாலு இங்கிலீஷ் எழுத்து, பின்னால் ஒரு நம்பர், கார் நம்பர் மாதிரி. முதல் எழுத்து என்ன? சியா? எஸ்ஸா? நாக்கு நுனிவரைக்கும் வந்து, பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

"அழுத்துதேன். வலிச்சாச் சொல்லுங்க." வலி இல்லை, பாரம். இளநீர்க்காரன் முற்றின காயில் திருப்புளியை வைத்துத் திருகுகிற மாதிரி முழு உடம்பும் கட்டிலோடு ஆடியது. எலும்பு திறக்கிற சத்தம் காது வழியாக வராமல் உள்ளுக்குள்ளேயே வந்து பல்லில் கேட்டது. "உள்ள போயிட்டு" என்றாள் டாக்டரம்மா. பக்கத்தில் லேப் ஆள் சாகுல், மேலப்பாளையத்துப் பையன்களுக்கே உரிய துடுக்கு, கண்ணாடிச் சில்லுகளை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்பவன், "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பிரியாணிக்கு ஒரு நாளாவது நீங்க பந்தி விசாரிக்கணும், பாத்துக்கிடுங்க" என்றான். "பிரியாணிக்குப் பந்தி எதுக்குவே, நாலு பேருக்கு ஒரு தாம்பாளம், கையை விட்டா முடிஞ்சுது" என்று இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார், சொல்லும்போதே டாக்டரம்மா, "மூச்சை இழுத்துப் பிடிங்க, இழுக்கப் போறேன்" என்றாள். இழுத்தாள். காலின் பெருவிரலில் ஒரு நரம்பின் நுனியைப் பிடித்து யாரோ இடுப்பு வழியாக உருவிவிட்டார்கள். கத்தவில்லை. கத்துவதற்கும் ஒரு மூச்சு வேண்டுமே, அதையும் சேர்த்து உருவியிருந்தாள். பிறகு மௌனம். அந்த மௌனம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாளி காலியானதை இலைக்காரருக்குத் தெரியாமல் மறைக்கிற பரிமாறுகாரனின் மௌனம் அது, ஆயிரம் தடவை கேட்டது. "வரல" என்றாள் டாக்டரம்மா, இவரிடம் இல்லை, சாகுலிடம், ரொம்ப மெதுவாக.

வரவில்லை. போன தடவையும், முதல் தடவையும், வரவில்லை. அன்றைக்குத்தான் இவளே விளக்கினாள், உள்ளே கெட்ட அணு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் இழுத்தாலும் வராது, அடைசல், ஊசிக்கு வழி விடாது என்று. மருந்து அடித்து எல்லாம் காலியானாலும் சில நேரம் வராது என்றும் சொன்னாள், சொன்னாளா, இல்லை இவராகச் சேர்த்துக்கொண்டாரா, சொன்னாள், சொன்ன மாதிரிதான் இருக்கிறது. "கொஞ்சம் தள்ளிக் குத்திப் பாப்போம் அண்ணாச்சி, பொறுத்துக்கோங்க" என்றாள், தள்ளி இன்னொரு இடம் மரக்க வேண்டும், மறுபடி எறும்பு, மறுபடி காத்திருப்பு. இந்தக் காத்திருப்பில்தான், சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷன் உள்ளே போனார். அடைசல் என்ற சொல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று, முதலில் எலும்புக்கு இல்லை, அம்பாசமுத்திரத்துக்கு, எத்தனையோ வருஷத்துக்கு முந்தின ஒரு கல்யாண மண்டபத்துக்கு. முதல் பந்தி. மூன்றாவது வரிசையில் ஒரு மனுஷன். சரிகை வேட்டி, நெற்றி கொள்ளாத சந்தனம், தோளில் அங்கவஸ்திரம், பச்சைக்கரையா, அரக்குக்கரையா, பச்சை, இல்லை அரக்கு. முகம் வரமாட்டேன் என்கிறது. கைதான் வருகிறது, இரண்டு விரலைச் சும்மா அசைப்பான், நெய் வரும். பெண் வீட்டார் பார்த்தார்கள், இத்தனை சந்தனமா, மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவாகத்தான் இருக்கும், சம்பந்தி வீட்டுப் பெரியவர், குறை சொல்லிவிடக் கூடாது என்று அவன் இலைக்கு மட்டும் இரண்டாவது ஜாங்கிரி. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், இத்தனை கவனிப்பா, அப்படியானால் பெண்ணுக்குத் தாய்மாமன், பகைத்துக்கொள்ளக் கூடாது என்று தங்கள் பங்குக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஒருத்தர் உபசாரத்தைப் பார்த்து மற்றவர் உபசாரம் கூடியது. யாரென்று கேட்க முடியுமா? உட்கார்ந்த மனுஷனிடம், இலையில் கை வைத்த மனுஷனிடம், நீங்க யாருன்னு கேட்டால் அதைவிட ஒரு அவமரியாதை இருக்கிறதா? அவன் யாருக்கும் யாரும் இல்லை. முதல் கவளத்திலேயே அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பக்கத்தில் போய்க் குனிந்து, "சாப்பாடு எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்றுதான் கேட்டார். இலையிலிருந்து ஆளை எழுப்புகிற வழக்கம் நமக்கு ஏது? இரண்டாம் பந்திக்கு அவனோடு அவன் ஜாடையில் நாலு பேர். மூன்றாம் பந்தியில் ஒரு வரிசை. பிறகு அடுப்பில் போட்ட உலையெல்லாம் அந்தக் கூட்டத்துக்கே, இரண்டு விரல் அசைந்தால் இருபது வாளி ஓடியது, சொந்தக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் கால் மாற்றி மாற்றி நின்று, இலை எப்போது எடுப்பார்கள், இலை எப்போது எடுப்பார்கள் என்று நின்று, பெண்ணைப் பெற்றவன் மயக்கம் போட்டுத் தூணோடு சரிந்தான். நாலு பேர் வந்தது நிஜம். வரிசை வரிசையாக வந்ததும் நிஜமா, இந்தக் கட்டிலில் கிடந்து பெருகினதா, அவருக்கே இப்போது தெரியவில்லை.

தூணைத் தொட்டார், தூண் ஈரமாக இருந்தது. மண்டபத் தூண் இல்லை. அண்ணாந்து பார்த்தார், உத்திரம் எல்லாம் எலும்பு, ஆப்பத்தின் நடுப்பாகம் மாதிரிப் பொத்துப் பொத்தலாக, பொத்தலுக்குள் பொத்தலாக, பார்க்கப் பார்க்க உள்ளே உள்ளே போகிற கூடங்கள், ஒவ்வொரு கூடத்திலும் சிவப்பு வெளிச்சம், விளக்கு எங்கேயும் இல்லை, வெளிச்சமே பிறந்துகொண்டிருந்தது. அடேயப்பா. அறுபது வருஷத்துக்கு மேலாகத் தூக்கிச் சுமந்த இடுப்பு, சின்ன வயதில் வாளியை முட்டுக்கொடுத்த இடுப்பு, கோமு எண்ணெய் தேய்த்துவிட்ட இடுப்பு, இதற்குள்ளா இத்தனை பெரிய பந்தி நடந்துகொண்டிருந்தது, தலைமாட்டில் நிற்க ஒரு ஆள் இல்லாமல், ஒரு நாள் விடுமுறை இல்லாமல், இவர் தூங்கும்போதும் சண்டை போடும்போதும்? பரிமாறுகிறவர்களைப் பார்த்தார். வாய் இல்லை, கண் இல்லை. விரலில் ஒரு துளி. துளி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போவதற்குள் பத்துக் கூடம் தள்ளி ஒருத்தன் பாத்திரத்தைத் திருப்புகிறான். தன் தொழில்! அப்பளச் சத்தம், விரல் இடைவெளி, அதெல்லாம் என்ன பெரிய சாமர்த்தியம், இது அல்லவா விசாரிப்பு! வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவை அவருடைய சொந்த ரத்தம், சிவப்பாக வேண்டியவை வெளிறிப்போய், காயத்தை அடைக்க வேண்டியவை துவண்டுபோய், இலைக்காகக் கால் மாற்றி மாற்றி. உட்கார்ந்திருந்தவை எல்லாம் ஒரே ஜாடை. பச்சைப்பிள்ளை ஜாடை. வளராத, பல் முளைக்காத, மொழுமொழுவென்ற முகங்கள், முகமென்று சொல்ல அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. பரிமாறுகிறவை அவற்றைப் பார்க்கிற விதம் இருக்கிறதே, தாங்காது. எங்க வீட்டுப் பிள்ளை, இன்னும் வளரல, பசியா இருக்கும். அவருக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூறு கெட்ட எலும்பே, மூதேவி, நீதானா, நீயா சோறு போட்டே, யாருன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? எந்திரிங்கல எல்லாரும்! என்று கத்த வாயைத் திறந்தார். வாயிலிருந்து வந்தது, "சாப்பாடு எப்படி அண்ணாச்சி இருக்கு?"

திகைத்துப் போய் நின்றார். அது அப்படித்தான் வரும், வேறே எப்படி வரும், இந்த எலும்பைச் செய்த தாய் வயிறும் அப்படித்தான் கேட்டிருக்கும். கேட்காமல் போடத் தெரிந்ததால்தானே இவர் பிறந்தது முதல் இவருக்கு ரத்தம் ஊறியது. பல் விழுந்து முளைத்தது, கால் உடைந்து கூடியது, அம்மையில் கிடந்து எழுந்தது, எல்லாமே இந்த யாரென்று கேட்காத கையால்தானே. அதே கைதான் கெட்டதற்கும் போட்டது. இரண்டு கை இல்லை, ஒரு கைதான். இந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது, ஒரு கைதான், ஒரு கைதான் என்று சுற்றிச் சுற்றி, சியா எஸ்ஸா, பச்சையா அரக்கா, ஒரு கைதான், அப்புறம் எங்கிருந்தோ டாக்டரம்மாவின் குரல் கேட்டது, இப்போது பேசியது அல்ல, போன வாரம் பேசியது. இவர் கேட்டிருந்தார், "கூத்தன் அணுவை என் எலும்பைத் தொளைச்சு உள்ள விடுவியளாம்மா?" "எலும்பையா? இல்ல அண்ணாச்சி, கை நரம்புல, ரத்தம் ஏத்துற மாதிரி, அவ்வளவுதான்." "கையில விட்டா இடுப்புக்கு எப்படிப் போவும்? யாரு வழி சொல்லுவா?" "யாரும் சொல்ல வேண்டாம். அதே ரசாயனம்தான் கூப்பிடும். ரத்தத்துல சுத்திட்டு வரும்போது எலும்புப் பக்கம் வந்ததும் காதுல விழும், இங்கதான், இங்க வான்னு. நின்னு, சந்து வழியா நுழைஞ்சு, உள்ள போய் உக்காந்துக்கிடும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அழுகை வரும் அண்ணாச்சி, என்னத்துக்குன்னு தெரியாது." அன்றைக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். இன்றைக்குத்தான், பொத்தல் பொத்தலான கூடத்தின் நடுவில் நிற்கும்போதுதான், அது வந்து இறங்கியது. திருடனை ஒளித்துவைத்த அதே குரல்தான் கூத்தனையும் கூப்பிடப் போகிறது. யாராவது கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னாலும் இந்தக் கையை வெட்டக் கூடாது, வெட்டினால் வருகிறவனுக்கு யார் இலை போடுவது? கூத்தன் என்கிற முசுட்டு உப்பு யாவாரி, துளித் துளியாக, ஊர் தெரியாமல் இவருடைய ரத்தத்தில் மிதந்து வருவான், வந்து இந்தத் தூணுக்குப் பக்கத்தில் தயங்கி நிற்பான், யாரென்று கேட்காமல் ஒரு கை அவனை உட்காரவைக்கும். இலை காலியாக இருந்தால். இருந்தால்தான். அவர் இடுப்பெலும்பைப் பார்த்து, அதாவது அதற்குள்ளேயே நின்றுகொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணாச்சி, அசையாதிய! கையை ஏன் தூக்குதிய?" சாகுல். "விடு, பயத்துல பண்ணுதாரு" டாக்டரம்மா. "மூச்சை இழுங்க." மறுபடி நரம்பு, மறுபடி பெருவிரலிலிருந்து, ஆனால் இந்தத் தடவை உருவினது முழுசாக உருவி வந்த மாதிரி இருந்தது, எங்கேயும் அறுந்து நிற்கவில்லை. பிறகு கண்ணாடியில் துளி விழுகிற சத்தம் என்று ஒன்று உண்டா? அவருக்குக் கேட்டது. சாகுல் கண்ணாடியைச் சாய்த்திருப்பான் போலிருக்கிறது, அவன் குரல் மாறிவிட்டது, துடுக்கு போய்விட்டது. "டாக்டர், துகள் இருக்கு. மினுங்குது பாருங்க." "வந்துட்டு அண்ணாச்சி. மஜ்ஜை வந்துட்டு." வந்தது நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை, பந்தியில் கேட்பதில்லை. பஞ்சு வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டி, மல்லாக்கப் புரட்டிப் படுக்கவைத்தார்கள், காயத்தின் மேல் உடம்பே பாரமாகக் கிடக்க வேண்டுமாம். கோமுவை உள்ளே விட்டார்கள். வந்தவள் முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைப் பார்த்தாள், போர்வையை இழுத்துக் கால் விரலை மூடினாள். "வலிச்சுதா?" "இல்ல." "பொய் சொல்லாதிய. வெளிய வரைக்கும் சத்தம் இல்ல. வலி இல்லாட்டி நீங்க சத்தம் போடுவியளே." அவர் சிரித்தார். அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தார். உள்ள போய்ட்டு வந்தேன் கோமு, பெரிய இடம். சொன்னால் டாக்டரைக் கூப்பிட்டுக் காய்ச்சல் பார்க்கச் சொல்வாள். பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, கண்ணாடிகளுக்குச் சாயம் பூசிக் காயவைக்கிற வாடை வந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. கதவையே பார்த்தார். இதற்கு முன் எந்தக் கதவையும் இப்படிப் பார்த்ததில்லை, கோமு உள்ளே கிடந்து மகளைப் பெற்ற கதவைத் தவிர.

கதவு பாதி திறந்தது, டாக்டரம்மா தலையை மட்டும் நீட்டி வார்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணாச்சி, ரெண்டு எட்டு நடக்க முடியுமா? அக்கா, கையைப் பிடிச்சுக்கோங்க. யாருட்டயும் சொல்லிராதீங்க, இப்படிக் காட்டக் கூடாது." மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு பக்கமும் கண் வைக்க இடம் இருந்தது, ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் இவர். முதலில் தன் இமைமயிர் இல்லாத இமைதான் தெரிந்தது. பிறகு ஊதாப் பூ. பிறகு ஊதாவும் ரோஸும் கலந்த ஒரு பெரிய வெளி, அதில் வட்ட வட்டமாக வெள்ளை, வெறும் வெள்ளை. "இது என்னம்மா, ஓட்டையா?" "காலி இடம் அண்ணாச்சி. கொழுப்பு இருக்கும், சாயத்துல கரைஞ்சு போயிரும். முதல்ல ஊசியில வராம எலும்புத் துணுக்கா எடுத்தப்ப இந்த வெள்ளையே கிடையாது, ஊசி குத்த இடம் இல்லாம நீலமா அப்பியிருந்துது." காலி. அவர் மூச்சு விட மறந்து பார்த்தார். அவள் எதையோ திருகினாள், வெளி நகர்ந்தது, ஊரைத் தாண்டி ஊர் போகிற மாதிரி. ஒரு ஓரத்தில் நின்றது. நடுவில் பெரிதாக ஒன்று, கை கால் விரித்த மாதிரி, அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னதாகக் கருவட்டங்கள், நெருக்கமாக. "அது? கெட்டதா?" "இல்ல அண்ணாச்சி." அவள் குரல் தாழ்ந்தது. "சுத்தி இருக்கறது சிவப்பணு ஆகப்போற பிள்ளைக. நடுவுல இருக்கறது அதுகளுக்கு ஊட்டுது. எல்லாத்தையும் மருந்து அடிச்சுப் போட்ட பொறவு, திரும்ப ஆரம்பிச்சிருக்கு." அவருக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்தால் மறுபடி மங்கியது, அப்புறம்தான் தெரிந்தது மங்கியது கண்ணாடி இல்லை. "கெட்டது எங்கம்மா?" "நான் பாத்தவரைக்கும் கண்ணுல படல. கண்ணுக்குத் தப்பி எங்கியாவது ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கலாம், அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு, அனுப்பியிருக்கேன். ஆனா கூத்தன் அண்ணாச்சியை மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வரச் சொல்லிரலாம்."

கோமுவுக்கு எது நல்ல சேதி என்று பிடிபடச் சிறிது நேரமாகும். அதற்குள் டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பி வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, இனிதான் பத்தியம். பழைய சோறு கூடாது. தயிர் கூடாது. பச்சை வெங்காயம், தேங்காய்த் துவையல், ஊறுகாய் ஒண்ணும் ஆகாது. தோல் உரிக்க முடியாத பழம் கூடாது. காய்ச்சாத தண்ணி வாயில படக் கூடாது. கடைச் சாப்பாடு கூடாது. கல்யாண வீடு, சடங்கு வீடு, துட்டி கேக்குற சாவு வீடு எங்கயும் போகக் கூடாது. ஒரு வருஷத்துக்குப் பந்திப் பக்கமே தலை காட்டக் கூடாது." கோமு, "அப்போ எங்க வீட்டு ஐயா என்னத்தைத்தான் திங்கணும்? இதுக்கா இம்புட்டு பாடு? உயிரோட வச்சுக்கிட்டு வாயைக் கட்டவா?" என்று அழுதுவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். போன வாரம் எதிர்க்கட்டில் பழனியாபிள்ளையை இனி மருந்து கேட்காது என்று வீட்டுக்கு அனுப்பும்போது அந்த ஆள் மகனிடம் இதே டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்திருந்தது, அப்பா ஆசைப்பட்டதையெல்லாம் செஞ்சு குடுங்க, எதையும் தடுக்காதீங்க என்று. அந்த மகன் அதைக் கேட்டு நன்றி சொன்னான், பாவம். இங்கே கூடாது கூடாது கூடாது என்று ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது, வெண்டைக்காய் கூடாது, விரால் மீன் கூடாது, வெற்றிலை கூடாது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா மூச்சு வாங்க நிறுத்தியதும் முன்னால் குனிந்து, "வேற என்னம்மா கூடாது?" என்றார், "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இன்னும் ஏதாவது இருக்கும்."

இவ்வளவுதான் நடந்தது. கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைக் கூப்பிட்டு அவன் எலும்பை அவனுக்கே காட்டினாள் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையை மேலிடத்தில் சும்மா விடமாட்டார்கள். அண்ணாச்சி உள்ளே போய்வந்த சங்கதி கோமுவுக்கு இன்றுவரை தெரியாது. மீறி யாராவது துருவிக் கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார், வண்ணார்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள். என் பேரை மட்டும் எடுக்காதீர்கள்.